ஓபேத் ஹில்ட்ரெத்தின் ஏழடி மரம்

1754 முதல் 1763 வரை ஒன்பது குளிர்காலங்களில் ஓபேத் ஹில்ட்ரெத் வெட்டிச் சாய்த்த பாய்மரங்கள் அறுபத்தொன்று. அவற்றில் ஒன்றுகூட ஒடிந்ததில்லை. நியூ ஹாம்ப்ஷயர் காடுகளில் அந்தக் காலத்தில் இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள்.

நூறடிக்கு மேல் உயர்ந்த வெள்ளைப் பைனை வெட்டுவது பெரிய காரியமில்லை, அதைப் படுக்க வைப்பதுதான் காரியம். மரம் விழப்போகும் கோட்டில் முதலில் சின்ன மரங்களை வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்ப வேண்டும். அதன்மேல் பனி இடுப்பளவு சேரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு காற்றில்லாத ஒரு காலையில், தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல மரத்தை அந்தப் படுக்கையில் இறக்க வேண்டும். ஒரு கல்லில் பட்டாலும் நடுவில் விரிசல் விட்டுவிடும். விரிசல் விட்ட மரம் இங்கிலாந்து ராஜாவின் கப்பலுக்கு ஆகாது.

ராஜாவின் மரம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அளந்து, குறுக்களவு இருபத்துநாலு அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால், யார் நிலத்தில் நின்றாலும் அது ராஜாவுடையது. காட்டதிகாரி வந்து கோடாலியால் மூன்று வெட்டு வெட்டி, காக்கைக்கால்போல ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போவார். ஓபேத் வேலைக்குச் சேர்ந்த அன்று நீதிபதியின் முன் பைபிள்மேல் கைவைத்து, உரிமம் இல்லாமல் அப்படிப்பட்ட மரத்தைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அப்போது அவனுக்கு வயது இருபத்துமூன்று. மற்றவர்களும்தான் சத்தியம் செய்தார்கள், செய்துவிட்டு மறந்தும் போனார்கள். ஓபேத் மறக்கிற ஆள் இல்லை.

1757இல் அவன் கெத்சியாவைக் கட்டிக்கொண்டான். இரண்டு வருஷம் கழித்து திர்சா பிறந்தாள். 1763 அக்டோபர் பன்னிரண்டாம் தேதி ஹார்லோ என்ற புது ஊருக்குக் கவர்னர் பட்டயம் எழுதினார். அதில் ஓபேத்துக்கு ஐம்பது ஏக்கர் கிடைத்தது.

ஊர்க் கூட்டத்தில் பட்டயத்தைச் சத்தமாக வாசித்தார்கள். ஐந்து வருஷத்துக்குள் ஐம்பது ஏக்கரில் ஐந்து ஏக்கரையாவது காடு வெட்டிப் பயிரிட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலம் போகும் என்றது ஒரு விதி. பாய்மரத்துக்குத் தகுந்த பைன் எதையும் உரிமம் இல்லாமல் வெட்டக்கூடாது, வெட்டினால் நிலம் போகும் என்றது இன்னொரு விதி.

பக்கத்து நிலத்துக்காரன் ஆசகேல் டட்டில் கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து கேட்டான். "வெட்டலைன்னாலும் போகும், வெட்டினாலும் போகும். அப்ப எங்களுக்குக் குடுத்தது என்னங்கய்யா, நிலமா, வேடிக்கை பாக்க டிக்கெட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஓபேத் சிரிக்கவில்லை. "ராஜா ஒண்ணும் முட்டாள் இல்ல. மனு போட்டா உரிமம் வரும். அதுக்குத்தானே ஆபீஸ் வெச்சிருக்காங்க?" என்றான்.

அவன் நிலத்தில் பாதி சதுப்பு, கால்வாசி பாறை. வடக்கு மேட்டில் பதினோரு பெரிய பைன்கள் இருந்தன. ஊற்று இருந்த இடத்தில் வீட்டைக் கட்டினான். அதற்கு நாற்பதடி வடமேற்கில் ஒற்றைப் பைன் ஒன்று நின்றது. அப்போது அதைச் சுற்றி ஹெம்லாக் மரங்கள் நெருக்கமாக இருந்ததால், ஜன்னலிலிருந்து பார்த்தால் அது தனியாகத் தெரியாது. 1765 பிப்ரவரியில் பிறந்த பையன் பதினோரு நாள் இருந்தான். அவனை வீட்டுக்குப் பின்னால் சின்ன மேட்டில் புதைத்தார்கள்.

1766 ஜூலையில் துணைக் காட்டதிகாரி கிராடக் குதிரையில் வந்தார். மெலிந்த மனிதர், மூக்குப்பொடிப் பழக்கம் உள்ளவர். கொசுக்கடியில் காடு சுற்ற அவருக்கு இஷ்டமில்லை. பாய்மரம் பார்க்கத் தெரிந்தவன் என்று ஓபேத்தைக் கூட வைத்துக்கொண்டார். ஓபேத்துக்கு அதில் பெருமைதான். வடக்கு மேட்டிலிருந்த பதினொன்றையும் காட்டினான். கிராடக் பதினொன்றிலும் குறி போட்டார்.

திரும்பி வரும்போது வீட்டுக்கு அருகில் இருந்த பைனைக் கிராடக் குதிரையிலிருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "இது கொஞ்சம் வளைவா இருக்கே. வேண்டாம், விட்டுரலாம்" என்றார்.

"வளைவா?" என்றான் ஓபேத். ஒன்பது குளிர்காலத்துத் தொழில் அவன் வாயில் வந்து நின்றது. "இல்லீங்கய்யா. நீங்க நிக்கிற எடம் சரிவு, அதான் அப்படித் தெரியுது. இங்கிட்டு வந்து பாருங்க. நூல் புடிச்ச மாதிரி இருக்கும். நூத்திரண்டு அடிக்குக் கணுவே கிடையாது."

கிராடக் இறங்கி வந்து பார்த்தார். அளவுப் பட்டையை ஓபேத்தே சுற்றினான். கணக்குப் போட்டால் குறுக்களவு முப்பத்துநாலு அங்குலம். கிராடக்கின் கோடாலி மூன்று தடவை இறங்கியது.

கெத்சியா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிரை கண்ணுக்கு மறைந்ததும் சொன்னாள். "அந்தாளு வேண்டாம்னுதானே சொன்னாரு?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பேசாம இருக்கச் சொல்றேன். முதல் அம்ப உங்க வாயில போட்டிருக்கணும்."

அந்த வருஷம் நவம்பரில் போதகரைக்கொண்டு தலைநகரம் போர்ட்ஸ்மத்துக்கு ஒரு மனு எழுதினான். இந்தக் குறி போட்ட மரம் என் வீட்டுக்கு நாற்பதடியில் நிற்கிறது. என் ஐந்து ஏக்கருக்குள் வருகிறது. ஒன்று ராஜாவின் ஆட்கள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது என்னை வெட்ட அனுமதிக்க வேண்டும். நான்கு வரி. மடித்து, நூல் கட்டி, அரக்கு வைத்து அனுப்பினான். 1767இல் பதில் வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பாய்மர ஆட்கள் ஊர் வழியாகப் போனார்கள். சாலைக்குப் பக்கத்தில் இருந்த மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆசகேல் வீட்டுத் தரை முழுக்கப் பைன் பலகைதான். எல்லாம் ஒரே அகலம், இருபத்துமூன்று அங்குலம். கிராடக் குறி போட்டுவிட்டுப் போன பிறகு ஒருநாள் ஓபேத்தை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினான். "பாத்தியா, எங்க காட்டுல எந்த மரமும் இருபத்துமூணுக்கு மேல வளர்றதே இல்ல. ரொம்ப பயந்த மரங்க."

"ஓரத்தச் செதுக்கிட்டியா?"

"அடுப்புக்கும் வெறகு வேணுமில்ல? ஏம்ப்பா ஓபேத்து, நாலு பேர் வர்றோம். ஒரே ஒரு காலை. மதியக் களி வேகறதுக்குள்ள மரமும் இருக்காது, அடிக்கட்டையும் இருக்காது. மேல மண்ணப் போட்டு பூசணி நட்டுரலாம்."

"சத்தியம் பண்ணியிருக்கேன், ஆசகேல்."

"யாருக்கு? நம்ம ஊர் எந்தப் பக்கம்னுகூட அவருக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுமில்ல?"

1768 ஏப்ரலில் பனி உருகியதும் ஓபேத் சங்கிலி பிடித்து நிலத்தை அளந்தான். நாலரை ஏக்கர் வெட்டியாகியிருந்தது. அக்டோபர் பன்னிரண்டுக்குள் இன்னும் அரை ஏக்கர் வேண்டும். தெற்கே சதுப்பு, கிழக்கே பாறை. வெட்டக்கூடியதாக மிஞ்சியது பைனுக்கு வடமேற்கில் இருந்த ஹெம்லாக் கூட்டம் ஒன்றுதான். அதை வெட்டினால் பைன் தனித்து நிற்கும். கூட்டத்தில் வளர்ந்த பைனுக்கு வேர் அகலமில்லை. பக்கத்து மரங்களின் தோளில் சாய்ந்தே உயர்ந்தது அது. அறுபத்தொரு மரத்தைச் சாய்த்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கெத்சியாவுக்கும் தெரியும். "ஹெம்லாக்க எடுத்தா அது நிக்காது," என்றாள் அவரைச் சட்டியைக் கிளறிக்கொண்டே. "எடுக்கிறதுன்னா ரெண்டையும் எடுங்க."

"உரிமம் வரட்டும்."

"ரெண்டு வருஷமா வரட்டும் வரட்டும்கிறீங்க. ராஜா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காரு. மரம் நம்ம வாசலுக்கு இந்தப் பக்கம் இருக்கு."

"அதத் தொட்டா நெலம் போயிரும், கெத்சியா. இந்த அரை ஏக்கர வெட்டலைன்னாலும் போயிரும். நான் என்ன பண்ணட்டும்?"

கெத்சியா சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள். "அப்ப வீட்டயாவது நகத்துங்க."

அதில் நியாயம் இருந்தது. அந்தப் பக்கத்தில் வீட்டை நகர்த்துவது புதிதில்லை. அடியில் உருளைகள் கொடுத்து, ஊரில் உள்ள எருதுகளை எல்லாம் பூட்டினால் பதினெட்டடி வீடு ஒரு நாளில் நூறு அடி போய்விடும். எருதுக்கு எருது, ஆளுக்கு ஆள், திரும்ப உதவி செய்தால் போதும். ஆனால் உழவும் வைக்கோலும் முடியாமல் யாருடைய எருதும் கிடைக்காது.

"சோளம் அறுத்தாகட்டும். ஏக்கர் எண்ண ஆள் வந்துட்டுப் போகட்டும். அக்டோபர் கடைசில நகத்திரலாம்" என்றான் ஓபேத்.

"சத்தியமா?"

"சத்தியமா."

"உங்க சத்தியத்த ஒருத்தரும் கொறை சொல்ல முடியாது" என்றாள் அவள். அது பாராட்டாகத் தெரியவில்லை.

மே மாதத்தில் ஹெம்லாக்குகளை வெட்டி எரித்தான். சாம்பலில் சோளம் விதைத்தான். அந்தக் கோடை முழுவதும் பைன் தனியாக நின்றது. காற்று வந்தால் அது முனகுவது படுக்கையில் கேட்கும். திர்சா அதற்கு ராஜா மாமா என்று பெயர் வைத்தாள். "ராஜா மாமா இன்னைக்கும் கொறட்ட விடுறாரு அப்பா" என்பாள்.

செப்டம்பர் பத்தொன்பது, திங்கட்கிழமை. காலையில் மழை, மதியம் இரண்டு மணிக்கு மேல் வடமேற்குக் காற்று. கெத்சியா வீட்டுக்குள் துவைத்த துணிகளைக் கணப்பின் மேல் கட்டிக்கொண்டிருந்தாள். ஓபேத்தும் திர்சாவும் கொட்டகையில் பசுவைக் கட்டப் போனார்கள். கொட்டகைக் கதவு காற்றில் பிடுங்கிக்கொண்டது. அதைத் தோளால் முட்டிப் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. மரம் ஒடிகிற சத்தமல்ல, வேர் கிழிகிற சத்தம். ஓபேத் அதற்கு முன் அறுபத்தொரு தடவை மரம் விழக் கேட்டிருக்கிறான். படுக்கை இல்லாமல் விழுந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

அடிமரம் வீட்டின் நடுவில் கிடந்தது. கூரை இரண்டாகப் பிளந்து உள்ளே இறங்கியிருந்தது. உத்திரம் கெத்சியாவின் இடுப்புக்குக் கீழே விழுந்திருந்தது. உத்திரத்தின் மேல் பைன். சிதறிய கூரைச் சட்டங்களுக்கு நடுவில் அவளுடைய முகமும் ஒரு கையும் வெளியே தெரிந்தன.

"திர்சா எங்க?" என்றாள்.

"கொட்டகைல இருக்கா. ஒண்ணும் ஆகல."

"அவளப் பாக்க விடாதீங்க."

ஓபேத் திர்சாவை ஆசகேல் வீட்டுக்கு ஓடச் சொன்னான். கோடாலியை எடுத்துக்கொண்டு அடிமரத்தின் மேல் ஏறினான். மரத்தைத் தூக்க முடியாது. அவளுக்கு மேலே கிடக்கிற துண்டை இரண்டு பக்கமும் அறுத்து உருட்டினால்தான் உத்திரத்தை நெம்ப முடியும். முதல் வெட்டு விழவேண்டிய இடத்தைக் கண்ணால் அளந்தான். கோடாலியை ஓங்கினான்.

ஓங்கியபடியே நின்றான்.

"என்னங்க நிக்கிறீங்க?" என்று கீழேயிருந்து கேட்டாள் கெத்சியா.

எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. மரத்தின் சுற்றளவையும், படுக்கையின் உயரத்தையும், நாள் தேதியையும் பிசகாமல் சொல்லக்கூடிய மனிதன். ஒரு மூச்சு நேரம் என்று ஆசகேலிடம் ஒருமுறை சொன்னான். நாலைந்து மூச்சு இருக்கும் என்று இன்னொரு முறை சொன்னான். பதினாலு வருஷம் அந்த அளவுள்ள மரத்தை உரிமம் இல்லாமல் தொடாத கை அது.

பிறகு வெட்டினான். முதல் வெட்டு பாதி இறங்கியபோது ஆசகேல் இரண்டு ஆள் இழுக்கிற ரம்பத்தோடு ஓடிவந்தான். இருவரும் மாறி மாறி முதல் வெட்டை முடித்து, இரண்டாவதில் ரம்பத்தை வைத்தார்கள். கெத்சியா அவ்வப்போது பேசினாள். துணியெல்லாம் நனைந்துபோய்விட்டதே என்றாள். பிறகு குளிருகிறது என்றாள். இரண்டாவது வெட்டில் ரம்பம் முக்கால் தூரம் போனபோது ஆசகேல் இழுப்பதை நிறுத்தினான்.

"ஓபேத்து" என்றான்.

"இழு."

"ஓபேத்து, போதும்ப்பா."

"இழுன்னு சொல்றேன்ல?"

அறுத்து முடித்தார்கள். துண்டை உருட்டி, உத்திரத்தை நெம்பி, அவளை எடுத்தார்கள். இரண்டு வெட்டுக்கும் இடையே இருந்த துண்டின் நீளம் ஏழடி. ஹார்லோவில் அப்போது ரம்ப ஆலை கிடையாது. சவப்பெட்டிக்குக் காய்ந்த பலகை யாரிடமும் மிச்சம் இல்லை. ஆசகேலும் ஓபேத்தும் அந்த ஏழடியையே ஆப்பு அடித்துப் பலகையாகப் பிளந்தார்கள். புதன்கிழமை காலை, மேட்டில், பதினோரு நாள் பிள்ளைக்குப் பக்கத்தில் அவளைப் புதைத்தார்கள்.

பத்து நாள் கழித்துக் கிராடக் வந்தார். இடிந்த வீட்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, அளவுப் பட்டையை எடுத்து மரத்தின் அடித்துண்டையும் நுனித்துண்டையும் அளந்தார். இரண்டிலும் அம்புக்குறி போட்டார்.

"நடுவுல ஏழடி இல்லையே?"

ஆசகேல்தான் சொன்னான். "இருக்குதுங்களே. அந்த மேட்டுல. மண்வெட்டி தரட்டுமா, தோண்டி அளந்துட்டு வர்றீங்களா?"

"நான் என் வேலையப் பாக்குறேன், டட்டில்."

"அதாங்கய்யா பயமா இருக்கு."

கிராடக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார்: ராஜாவின் மரம் ஒன்று, குறுக்களவு முப்பத்துநாலு, இரண்டு இடத்தில் வெட்டப்பட்டது, ஏழடி காணவில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை.

நவம்பர் இருபத்திரண்டில் ஓபேத் போர்ட்ஸ்மத்தில், ராஜாவின் கப்பல்மர வழக்குகளை விசாரிக்கும் கடல் நீதிமன்றத்தில் நின்றான். ஐம்பத்துநாலு மைல், மூன்று நாள் நடை. வழியெல்லாம் ஒரு விஷயத்தை நம்பிக்கொண்டு போனான்: பன்னிரண்டு பேர் ஜூரியாக உட்காருவார்கள், எல்லோரும் வீடும் மனைவியும் உள்ளவர்கள், சொன்னால் புரிந்துகொள்வார்கள். உள்ளே போனபோது ஒரு நீதிபதியும் ஒரு எழுத்தரும் மட்டும் இருந்தார்கள்.

"ஜூரி எங்கங்கய்யா?"

"இந்த நீதிமன்றத்துல ஜூரி கிடையாது" என்றார் எழுத்தர். "தப்பு பண்ணலைன்னு நீங்கதான் நிரூபிக்கணும்."

நீதிபதி வயதானவர், பேச்சில் குறை சொல்ல முடியாது. மரம் காற்றில் விழுந்தது என்பதை ஒப்புக்கொண்டார். விழுந்தாலும் அது ராஜாவின் மரமே என்றார். நூற்றிரண்டு அடி மரம் இரண்டு வெட்டால் பயனற்றுப் போனது. வெட்டியது யார்?

"நான்தாங்கய்யா."

"காணாம போன ஏழடி?"

"எம்பொண்டாட்டி மேல இருக்கு."

எழுத்தரின் பேனா நின்றது. நீதிபதி கேட்டார். "வெட்டறதுக்கு உரிமம் இருந்ததா?"

"மனு போட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு. பதில் வரல."

எழுத்தர் எழுந்து உள்ளறைக்குப் போய் ஒரு கட்டைக் கொண்டுவந்தார். 1766 என்று மேலே எழுதியிருந்தது. புரட்டினார். ஹார்லோ போதகரின் கையெழுத்தை ஓபேத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டான். நூல் கட்டியபடி இருந்தது. அரக்கு உடையவில்லை.

நீதிபதி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது உண்மை. ஆனால் சொன்னது இதுதான். "மனு வேற, உரிமம் வேற, ஹில்ட்ரெத்."

மரத்துண்டுகள் ராஜாவுக்குப் பறிமுதல். அபராதமும் உண்டு, பசுவும் எருதுகளும் அதற்குப் போயின. 1769 ஜனவரியில் கவர்னரின் சபை, பட்டயத்தின் விதிப்படி ஐம்பது ஏக்கரையும் திரும்ப எடுத்துக்கொண்டது. ஐந்து ஏக்கர் சரியாக வெட்டியிருக்கிறதா என்று எண்ண யாரும் வரவே இல்லை. நிலம் போர்ட்ஸ்மத்தில் இருந்த ஒரு கனவானின் பேருக்கு மாறியது. அவர் ஹார்லோவை ஒருநாளும் பார்த்ததில்லை. பறிமுதலான துண்டுகளை எடுத்துப்போகவும் யாரும் வரவில்லை. அவை கிடந்த இடத்திலேயே கிடந்து, மேல்பட்டை உரிந்து, அம்புக்குறியோடு மக்கின.

ஒன்பது வயது திர்சாவை, பதினெட்டு வயதுவரை வீட்டுவேலைக்கு என்று எழுதிக்கொடுத்து, முப்பது மைல் தள்ளி ஒரு குடும்பத்தில் விட்டான். வண்டியில் ஏற்றும்போது அவள் கேட்டாள். "அப்பா, அம்மா கேட்டப்போ நீங்க ஏன் உடனே வெட்டல?"

ஓடச் சொன்ன பிறகும் அவள் வாசற்படி வரை வந்து நின்று பார்த்துவிட்டுத்தான் ஓடினாள் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

அவனிடம் மிச்சம் இருந்தது தொழில் ஒன்றுதான். முன்பு வேலை பார்த்த பாய்மரக் குத்தகைதாரரிடமே திரும்பப் போனான். 1769 முதல் ஆறு குளிர்காலம் ராஜாவின் மரத்தை ராஜாவின் கப்பலுக்குச் சாய்த்தான். அதிலும் ஒன்றுகூட ஒடியவில்லை. இரவுச் சாப்பாட்டில் மற்றவர்கள் வரியைப் பற்றியும், பாஸ்டனில் இறங்கிய சிப்பாய்களைப் பற்றியும், தேயிலையைப் பற்றியும் கத்துவார்கள். ஓபேத் பன்றிக்கறியையும் அவரையையும் தின்றுவிட்டுக் கோடாலியைத் தீட்டுவான். முன்புபோல ராஜாவுக்காக யாரிடமும் வாதாடுவதில்லை. எதிர்த்தும் பேசுவதில்லை. "இவன் மரத்தோட மரமாயிட்டான்" என்பார்கள்.

1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் ராஜாவின் சிப்பாய்கள் ஊர்க்காரர்களைச் சுட்ட செய்தி வந்தது. அப்போது ஆற்றுத்துறையில் நாற்பத்தொரு பாய்மரங்கள் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தன. எட்டு மரங்கள் அந்தக் குளிர்காலத்தில் ஓபேத் சாய்த்தவை. கப்பல் வருவதற்குள் அவற்றைக் கெடுத்துவிட வேண்டும் என்று ஊர்களின் குழு முடிவுசெய்தது. இருபத்தாறாம் தேதி புதன்கிழமை காலை அறுபது பேர் துறையில் கூடினார்கள். ஆசகேல்தான் அவர்களுக்குக் கேப்டன். முடி நரைத்திருந்தது, வாய் அப்படியே இருந்தது.

ஓபேத் தானாகவே வந்து நின்றான். கையில் கோடாலி இல்லை, ரம்பம் இருந்தது.

"வாப்பா. நீ வருவேன்னு யாருமே பந்தயம் கட்டல" என்றான் ஆசகேல். "நடுவுல ஒரு வெட்டு, அம்புட்டுதான். மத்தத கப்பக்காரன் அழுதுக்குவான்."

ஓபேத் முதல் மரத்தின் அடிப்பக்கம் போனான். பட்டையால் அளந்து ஒரு கோடு கிழித்தான். ரம்பத்தை அங்கே வைத்தான்.

"அங்க இல்ல, ஓபேத்து. அடியில வெட்டினா மீதிய சின்னக் கப்பலுக்கு வெச்சுக்குவானுங்க. நடுவுல போடு."

"நடுவுலயும் போடுறேன். மொதல்ல இது."

"எத்தன அடி அது?"

"ஏழு."

ஆசகேல் சுற்றி இருந்தவர்களை வேறு மரங்களுக்குப் போகச் சொல்லிவிட்டு, ரம்பத்தின் மறுபக்கக் கைப்பிடியை எடுத்துக்கொண்டான். இருவரும் இழுத்தார்கள். பொழுது சாயும்வரை பதினோரு மரம் முடித்தார்கள். ஒவ்வொன்றிலும் அடியில் ஏழடி, நடுவில் ஒரு வெட்டு. மற்றவர்கள் முப்பதை முடித்திருந்தார்கள். எந்த வெட்டுக்கு முன்னும் ஓபேத் நிற்கவில்லை.

மாலையில் பீப்பாய்மேல் தாளை வைத்து, ராஜாவை எதிர்க்கும் படைக்குப் பெயர் எழுதினார்கள். ஆசகேல் கேட்டான். "உன்ன எழுதிக்கட்டுமா?"

"நாம ஜெயிச்சா அந்த அம்பது ஏக்கர் திரும்பக் கிடைக்குமா?"

"கிடைக்கும்னு நெனைக்கிறேன்."

"மனு யாருக்குப் போடணும்?"

ஆசகேல் தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தான். ஓபேத் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டான்.

மூன்று வருஷம் படையில் இருந்தான். இடது கையில் இரண்டு விரல் போனது. போர்ட்ஸ்மத் கனவான் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். அவர் நிலத்தைப் புது மாநிலம் ஏலத்தில் விட்டது. உப்பு வியாபாரி ஒருவர் எடுத்துக்கொண்டார். ஓபேத் போட்ட மனு பிரித்து வாசிக்கப்பட்டது. வருத்தம் தெரிவித்துப் பதிலும் வந்தது.

1784 மார்ச் மாதம் திர்சாவின் வீட்டில் ஓபேத் இறந்தான். வயது ஐம்பத்துமூன்று. துறையில் முதலில் அறுத்த ஏழடித் துண்டை அவன் எருதுவண்டியில் கொண்டுவந்து பலகையாக்கி, ஒன்பது வருஷமாக ஆசகேலின் கொட்டகைப் பரணில் வைத்திருந்தான். எதற்கு என்று திர்சா அவனைக் கேட்டதில்லை. உப்பு வியாபாரியிடம் போய், அம்மாவைப் புதைத்த மேட்டில் இடம் மட்டும் கேட்டாள். அவர் சரி என்றார்.

அவளுக்கும் ஆசகேலுக்கும் மட்டுமே அந்தப் பலகைகள் எங்கிருந்து வந்தவை என்று தெரியும். சவப்பெட்டியின் மூடுபலகை ஒரே பலகை, அகலம் இருபத்தாறு அங்குலம். மண்ணைப் போட்டு மூடும்வரை, பழக்கதோஷத்தில் ஆசகேல் இரண்டு தடவை சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அளக்க யாரும் வரவில்லை.